கன்ட்ரோல், ஆல்ட், மூன்று

மாசினா இடது கையால் கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வலது கையால் மூன்றை அழுத்தினாள். மணி அடிக்கவில்லை.

இன்னொரு தடவை அழுத்தினாள். ஜன்னலுக்கு வெளியே தென்னைமரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கி, திறந்த வாய் திறந்தபடி கம்மென்று இருந்தது. அதற்கு அப்பால் லோதோவாய் கிராமத்தின் நாற்பத்திரண்டு வீடுகளும் தலையைக் குனிந்து ஜெபத்தில் இருந்தன. மூன்றாவது மணி அடிக்கிற வரைக்கும் இனி அவை அப்படியேதான் இருக்கும்.

லோதோவாய்க்கு மாலை ஜெபம் என்றால் உயிர். சமோவாவில் எல்லா ஊரிலும்தான் ஜெபம் நடக்கிறது. ஆனால் லோதோவாய்க்காரர்களைக் கேட்டால், மற்ற ஊர்களில் நடப்பதெல்லாம் சும்மா கண்ணை மூடிக்கொண்டு உட்காருவது என்பார்கள். முதல் மணிக்கு வீடு வந்து சேர வேண்டும். இரண்டாவது மணிக்கு ஜெபம் தொடங்க வேண்டும். மூன்றாவது மணி காதில் விழுந்த பிறகுதான் வீட்டுப் பெரியவர் ஆமென் சொல்லலாம். அதுவரைக்கும் அவர் வாய் நிற்கக் கூடாது, மற்றவர்கள் இடத்தை விட்டு அசையக் கூடாது. இடுப்பில் நீல லாவாலாவா வேட்டி கட்டிய காவல்காரர்கள் சாலை நெடுக நின்று, வருகிற வண்டிகளை ஊர் எல்லையிலேயே நிறுத்திவைப்பார்கள். மணி அடிக்கிறவளுக்கும் விலக்கு கிடையாது. இரண்டாவது மணியை அடித்துவிட்டு அவளும் இருந்த இடத்தில் இருக்க வேண்டியதுதான்.

மூன்று மாதம் முன்புவரை இதில் ஒரு குழப்பமும் வந்ததில்லை. பலாமரத்தில் ஒரு காலி கேஸ் சிலிண்டர் தொங்கியது. இரும்புக் கம்பியால் அதை அடித்தால் மணி. ஆக்லாந்தில் இருக்கிற ஊர்க்காரர்கள்தான் பாசம் பொங்கி ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஆம்ப்ளிஃபையர், நான்கு ஒலிபெருக்கிகள் எல்லாம் அனுப்பிவைத்தார்கள். நிஜமான தேவாலய மணியின் ஓசையையே பதிவு செய்து உள்ளே போட்டிருந்தார்கள். ஊருக்குத் தலைகால் புரியவில்லை. பழைய சிலிண்டரை ஒரு விருந்து வைத்து, நீளமாக ஒரு சொற்பொழிவு ஆற்றி, பக்கத்து ஊருக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார்கள்.

போதகரின் அலுவலகத்தில் தட்டச்சு தெரிந்தவள் மாசினா ஒருத்திதான். அதனால் மணி அவள் தலையில் விழுந்தது.

முதல் மாதமே மவுஸ் வழுக்கி, ஜெபத்தின் நடுவில் யாரோ கல்யாணத்துக்குப் போட்ட குத்தாட்டப் பாட்டு நாலு திசையிலும் அலறியது. ஊர்ச் சபை கூடி இருபது டப்பா மீன் அபராதம் போட்டது. இரண்டாவது மாதம் மவுஸுக்குள் எறும்பு புகுந்து, மூன்றாவது மணி ஐந்து நிமிடம் தாமதமானது. ஒரு பெட்டி டப்பா மாட்டிறைச்சி. அன்றைக்குச் சபையின் தலைவர் லெமானா குரலை உயர்த்தாமல் ஒன்று சொன்னார். அவர் குரலை உயர்த்தாதபோதுதான் எல்லோருக்கும் பயம்.

"அடுத்த தடவை, உன் பன்னி."

மாசினாவிடம் இருந்தது ஒரே ஒரு பன்றி. குட்டியாக வாங்கி, மரவள்ளியும் தேங்காயும் போட்டு அவளே வளர்த்த சினைப்பன்றி. இன்னும் இரண்டு வாரத்தில் குட்டி போடும். அந்தக் குட்டிகளை விற்றுத்தான் மகள் ஆனே தலைநகர் அபியாவுக்கு நர்ஸ் படிப்புக்குப் போக வேண்டும். அந்தப் பன்றி சபைக்குப் போனால் ஆனே வீட்டிலேயே பாய் முடைந்துகொண்டு உட்கார வேண்டியதுதான். மாசினா அன்றிரவு தூங்கவில்லை.

ஆக்லாந்தில் ஒரு கம்பெனியின் தொலைபேசிப் பிரிவில் வேலை பார்க்கும் அக்கா லூபேதான் வழி சொன்னாள். மவுஸைத் தொடவே தொடாதே, எல்லாவற்றையும் விசைப்பலகையில் வைத்துக்கொள்ளலாம் என்றாள். போன ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் வீடியோவில் உட்கார்ந்து, அழுத்து, விடு, அதில்லை, அதுக்குப் பக்கத்தில் என்று கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தாள். கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு ஒன்றை அழுத்தினால் முதல் மணி. இரண்டு என்றால் இரண்டாவது, மூன்று என்றால் மூன்றாவது. பூஜ்யம் அழுத்தினால் சத்தம் முழுக்க அடங்கும். எச் அழுத்தினால் சத்தம் ஒலிபெருக்கியிலிருந்து ஹெட்போனுக்கு மாறும். மறந்துவிடாமல் இருக்க மாசினா ஒவ்வொரு விசையிலும் நகப்பூச்சுப் பொட்டு வைத்தாள். ஒன்றுக்குச் சிவப்பு, இரண்டுக்கு வெள்ளை, மூன்றுக்கு இளஞ்சிவப்பு. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் மணி கணீரென்று அடித்தது. லெமானாகூடத் தலையை ஆட்டினார் என்று கேள்வி.

இன்றைக்கு வியாழன். போதகர் மனைவியோடு அபியாவுக்கு ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். முதல் இரண்டு மணியும் ஒழுங்காக அடித்தன. ஆறாவது நிமிடத்தில் கம்ப்யூட்டருக்கு ஒரு செய்தி வந்தது. அதன் "டிங்" ஊர் முழுக்கக் கேட்டது. 'எப்படிப் போகுது?' என்று லூபே கேட்டிருந்தாள்.

மாசினா பாய்ந்து பூஜ்யத்தை அழுத்திச் சத்தத்தை அடக்கினாள். தன் சுறுசுறுப்பை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில் அடக்கியதைத் திறக்க மறந்துபோனாள்.

பத்தாவது நிமிடத்தில்தான் மூன்று வேலை செய்யவில்லை.

விஷயம் புரிந்ததும் அவளுக்கு மூச்சு வந்தது. மணி அடித்துத்தான் இருக்கிறது, வாயை மூடிக்கொண்டு அடித்திருக்கிறது. பூஜ்யத்தை மறுபடி அழுத்திச் சத்தத்தைத் திறந்தாள். இப்போது மூன்றைத் தட்டினால் தீர்ந்தது. ஒரு நிமிடத் தாமதத்தை யாரும் கவனிக்கப்போவதில்லை. ஆனால் இருட்டத் தொடங்கியிருந்தது, மங்கிய வெளிச்சத்தில் சிவப்பும் இளஞ்சிவப்பும் ஒன்றுபோலத் தெரிந்தன. அவள் ஒன்றை அழுத்திவிட்டாள்.

முதல் மணி நிதானமாக, கம்பீரமாக அடித்தது. எல்லோரும் வீட்டுக்குப் போங்கள் என்று அர்த்தம். எல்லோரும் வீட்டில்தான் இருந்தார்கள்.

சுவரில்லாத வீடுகள். விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்வது ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரிந்தது. சாலையில் நின்ற காவல்காரன் வைதோவா ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தான். மாசினா பூஜ்யத்தை அழுத்தி மணியைப் பாதியில் நிறுத்தினாள். நிறுத்திய பிறகுதான் அது இன்னும் மோசம் என்று தோன்றியது.

இப்போது உடனே மூன்றாவது மணியை அடிக்க முடியாது. முதல் மணிக்கு அடுத்தபடி மூன்றாவது மணி என்றால் நடுவில் இரண்டாவது எங்கே என்று லெமானா கேட்பார். சபையில் அவர் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்லி யாரும் பிழைத்ததில்லை. யோசிக்க யோசிக்க ஒரே வழிதான் தெரிந்தது. முறைப்படி இரண்டாவது மணியை அடித்து, இன்னொரு ஜெபத்தையே நடத்திவிடுவது. இன்றைக்கு ஏதோ விசேஷம், அதனால் இரண்டு ஜெபம் என்று ஊர் நினைத்துக்கொள்ளட்டும். ஜெபம் கூடிப்போனது என்று எவனாவது குறை சொல்ல முடியுமா?

சத்தத்தைத் திறந்தாள். வெள்ளைப் பொட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து இரண்டை அழுத்தினாள். சற்று நேரம் ஊர் யோசித்தது. அப்புறம் நாற்பத்திரண்டு வீட்டிலும் முதலிலிருந்து பாட்டு கிளம்பியது. அவ்வளவு உற்சாகம் இல்லைதான், ஆனாலும் கிளம்பியது. மாசினா நாற்காலியில் சாய்ந்து, "அப்பாடா" என்றாள்.

நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. வீடியோ அழைப்பின் மணி நான்கு ஒலிபெருக்கிகளிலும் டொடொய்ங் டொடொய்ங் என்று துள்ளியது. பதில் வரவில்லையே என்று லூபே கூப்பிடுகிறாள்.

மாசினா எச்சை அழுத்தினாள். சத்தம் ஹெட்போனுக்குள் ஒடுங்கியது. அதை மாட்டிக்கொண்டு, மேஜைக்கடியில் குனிந்து, நடந்ததையெல்லாம் கிசுகிசுத்தாள். லூபே வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். ஜெபத்தைச் சாக்காக வைத்து இப்படி ஒரு ஊரையே பூட்டிப்போட்டவள் நீ ஒருத்திதான் என்று சிரித்தாள். அப்புறம் அக்காவுக்குரிய முறையில் திட்டினாள். பத்து நிமிடம் ஆனதும் மூன்றை அழுத்து, அவ்வளவுதான், ஆகாத காரியம் ஒன்றுமில்லை என்றாள்.

பத்து நிமிடம் ஆனது. மாசினா பொட்டைப் பார்த்து, எண்ணைப் பார்த்து, இன்னொரு தடவை பொட்டைப் பார்த்து, மூன்றை அழுத்தினாள். மணி அடித்தது. அவள் இரண்டு காதுக்குள் அடித்தது. ஆக்லாந்து பஸ்ஸில் லூபேயின் காதிலும் அடித்தது. ஊரில் ஒரு ஈ எறும்புக்குக்கூடக் கேட்கவில்லை.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு எச்சை அழுத்தினாள். சத்தம் ஒலிபெருக்கிக்குத் திரும்பியது. மணி அதற்குள் முடிந்திருந்தது. ஆனால் அழைப்பு முடியவில்லை. லோதோவாயின் நான்கு திசைகளிலும் தேவாலயத்து மணியைவிடத் தெளிவாக லூபேயின் குரல் கேட்டது.

"அந்த லெமானாவுக்கு ஏன்டி இப்படி நடுங்குற? பத்து நிமிஷத்துக்கு மேல அந்த வழுக்கைத் தலையன் ஜெபிச்சு நான் பாத்ததில்ல. அதுக்குமேல சொல்றதுக்கு அந்தாளுகிட்ட என்ன இருக்கு?"

மாசினா பூஜ்யத்தை அழுத்திய வேகத்தில் நகம் உடைந்தது.

அதன் பிறகு நிலவிய அமைதி ஜெபத்து அமைதி இல்லை. தேவாலயத்துக்கு அடுத்தாற்போல இருந்த லெமானாவின் பெரிய வீட்டில் ஐந்து நொடி எந்தச் சத்தமும் இல்லை. பிறகு அவர் தொண்டையைச் செருமுவது கேட்டது. பிறகு அவர் ஜெபிக்க ஆரம்பித்தார், இதுவரை ஊர் கேட்டிராத உரத்த குரலில். ஒரு பெரியவர் அப்படி ஆரம்பித்தால் மற்ற பெரியவர்கள் சும்மா இருப்பார்களா? ஒவ்வொரு வீட்டிலும் குரல் ஏறியது.

பன்றி போயிற்று என்று மாசினா முடிவு செய்துவிட்டாள். ஆனே முகம் கண்முன் வந்தது. அழுகை வந்தது. அழுதுகொண்டே அழைப்பைத் துண்டித்தாள், சத்தத்தைத் திறந்தாள், மூன்றை அழுத்தினாள். ஒன்றுமில்லை. எச், பூஜ்யம், மூன்று. பூஜ்யம், எச், மூன்று. எது திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பதே அவளுக்கு மறந்துபோனது. கம்ப்யூட்டருக்கும் மறந்துபோனது. திரையில் அம்புக்குறி ஒரே இடத்தில் உறைந்து நின்றது. அதற்குக் கீழே லூபேயின் கடைசிச் செய்தி தெரிந்தது: 'ஆஃப் பண்ணி ஆன் பண்ணு, எல்லாம் சரியாப் போயிடும்.'

ஆஃப் பண்ணினாள். ஆன் பண்ணினாள்.

திரை நீலமாக மாறியது. புதுப்பிக்கப்படுகிறது, தயவுசெய்து அணைக்க வேண்டாம் என்று எழுத்துகள் வந்தன. கீழே, இரண்டு சதவீதம்.

மூன்று மாதமாக அந்த இயந்திரம் எதையும் புதுப்பித்துக்கொண்டதில்லை. இன்றைக்கு அதற்குப் பொறுப்பு வந்துவிட்டது. மாசினா நாலு நிமிடம் காத்திருந்தாள். மூன்று சதவீதம் ஆனது. எழுந்து வாசலுக்குப் போனாள். ஒரு காலை வெளியே வைப்பதற்குள் வைதோவா கையை நீட்டினான். ஆறடி இரண்டங்குலம், ரக்பியில் முன்வரிசை ஆள்.

"அக்கா, உக்காருங்க."

"தம்பி, மெஷின் நின்னுபோச்சு. மணி அடிக்காது. நீயே ஒரு சத்தம் போட்டு எல்லாரையும் எந்திரிக்கச் சொல்லிடு."

"மணி அடிக்காம நான் எப்படிச் சொல்றது? என்னைப் பிடிச்சுக்குவாங்க."

"அப்ப நான் போய் லெமானா ஐயாகிட்ட சொல்லிட்டு வந்துடறேன்."

"மணி அடிச்சப்புறம் போங்க."

"மணி அடிக்காதுன்னு சொல்லத்தான்டா போறேன்."

"அதான் அக்கா. மணி அடிச்சப்புறம் போய்ச் சொல்லுங்க."

அவன் முகத்தில் கிண்டலே இல்லை. விதியை விதியாகச் சொன்னான். மாசினா திரும்பி வந்து நாற்காலியில் விழுந்தாள். ஏழு சதவீதம்.

பக்கத்து ஊரிலிருந்து டங் டங் டங் என்று மூன்றாவது மணி கேட்டது. அவர்கள் ஜெபத்தை எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் வைப்பார்கள், நேரத்துக்கு முடித்துக்கொண்டார்கள். லோதோவாய் தானம் கொடுத்த சிலிண்டர்தான் அது, குரல் தெரிந்தது. ஊர் எல்லையில் இரண்டு பஸ்ஸும் ஒரு ரொட்டி வண்டியும் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றன. ரொட்டி வாசனை காற்றில் வந்தது, அலுவலகத்தில் சாப்பிட ஒன்றும் இல்லை.

வேறு வேலை இல்லாததால் மாசினா ஊரின் குரலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதலில் மழைக்கு நன்றி சொன்னார்கள். சேப்பங்கிழங்குக்கும், வாழைக்கும், கடலில் கிடைத்த மீனுக்கும், கிடைக்காத மீனுக்கும் நன்றி சொன்னார்கள். ஆக்லாந்தில் இருக்கிற சொந்தக்காரர்களைப் பேர் சொல்லி ஆசீர்வதித்தார்கள், அப்புறம் சிட்னி, அப்புறம் ஹவாய். அரசாங்கத்துக்கு வந்தார்கள். ரக்பி அணியின் ஒவ்வொரு ஆட்டக்காரனின் முழங்காலுக்காகவும் தனித்தனியாக ஜெபித்தார்கள். இருபத்தைந்து சதவீதம்.

அதற்கப்புறம் குரல்கள் இறங்கின. சொல்ல ஒன்றும் இல்லாதபோது மனிதன் எப்படி இழுப்பானோ அப்படி இழுத்தார்கள். ஒரு வீட்டில் பெரியவர் ஏதோ முணுமுணுத்தார். இன்னொரு வீட்டில் யாரோ ஒரு பெண் "என்னது?" என்று கேட்டாள், உடனே அடங்கினாள். எங்கோ ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்து அடி வாங்கியது. லெமானாவின் வீட்டிலிருந்து அவர் குரல் மட்டும் தாழ்ந்து, விட்டு விட்டு, கனமாக வந்துகொண்டிருந்தது. வார்த்தை பிடிபடவில்லை. என்னைத்தான் சபிக்கிறார்கள், நாற்பத்திரண்டு வீட்டிலும் என் பேர்தான் உருள்கிறது என்று மாசினா நினைத்தாள். அவளும் கண்ணை மூடிக்கொண்டு ஜெபித்தாள். வேறு எதையும் கேட்கவில்லை. பன்றியைக் கேட்டாள்.

எழுபதில் கொஞ்ச நேரம், தொண்ணூற்றொன்பதில் ரொம்ப நேரம் நின்றுவிட்டு, திரை ஒருவழியாகக் கறுத்து மறுபடி எரிந்தது. கடவுச்சொல் கேட்டது. இரண்டு தடவை தப்பாக அடித்தாள். மூன்றாவது தடவை கதவு திறந்தது. இயந்திரம் தான் பிழைத்து வந்த சந்தோஷத்தை ஒரு சின்ன இசையாக ஊருக்கெல்லாம் அறிவித்தது. ஒலிபெருக்கி வேலை செய்கிறது. மாசினா விசைப்பலகையை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். இளஞ்சிவப்பு. கன்ட்ரோல், ஆல்ட், மூன்று.

மூன்றாவது மணி ஊர் அதிர அடித்தது. முதல் ஜெபம் தொடங்கி ஒரு மணி இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது.

வழக்கமாக மூன்றாவது மணிக்குப் பிறகு ஊர் வெடித்துக் கிளம்பும். பிள்ளைகள் ஓடும், வானொலி பாடும், யாராவது யாரையாவது கத்திக் கூப்பிடுவார்கள். இன்றைக்கு பஸ்கள் மட்டும் உறுமிக்கொண்டு போயின. ரொட்டி வண்டியை யாரும் நிறுத்தவில்லை. மாசினா தலையைக் குனிந்தபடி வீட்டுக்கு நடந்தாள். எதிரில் வந்த இரண்டு மூன்று ஆம்பிளைகள் அவளைக் கண்டதும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

வீட்டில் அவள் புருஷன் பேனி அவளுக்குச் சாப்பாடு எடுத்துவைத்தான். கல்யாணமாகி இருபது வருடத்தில் இதுதான் முதல் தடவை. சாப்பிட்ட தட்டையும் அவனே கழுவினான். ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனே அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்குப் பன்றி போகப்போகிறது, அதனால்தான் இவனுக்கு இவ்வளவு இரக்கம் என்று மாசினா நினைத்துக்கொண்டாள்.

காலையில் சபை. போகிற வழியெல்லாம் ஊரே மும்முரமாக இருந்தது. ஒருவன் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனான். ஒருவன் மீன்வலையைத் தோளில் போட்டுக்கொண்டு எதிர்வீட்டு வாசலில் தயங்கி நின்றான். ஒரு பெரியவர் கால் கட்டிய சேவல் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேகமாகப் போனார். இரண்டு அண்ணன் தம்பிகள் வேலிக்குச்சிகளைப் பிடுங்கி நாலு முழம் தள்ளி நட்டுக்கொண்டிருந்தார்கள். நேற்றைய தண்டனைக்கு ஆளாளுக்கு நஷ்டஈடு கேட்கப்போகிறார்கள் போலிருக்கிறது, அதற்குத்தான் இத்தனை சாமானும் கைமாறுகிறது என்று மாசினா கணக்குப் போட்டாள். ஒரு பன்றியோடு முடியாது.

சபை மண்டபத்தில் பன்னிரண்டு தலைவர்களும் அவரவர் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. எல்லோருக்கும் பாயில் ஏதோ முக்கியமான கோடு இருந்தது, அதையே பார்த்தார்கள். மாசினா ஓரத்தில் உட்கார்ந்து, மன்னிப்புக் கேட்பதற்கு ராத்திரி முழுக்க யோசித்துவைத்ததைச் சொல்ல வாயைத் திறந்தாள். லெமானா கையை உயர்த்தி நிறுத்தினார். அவர் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"நேத்து நடந்ததுக்கு யாரும் பொறுப்பில்ல," என்றார். "மெஷின் பண்ணினது. அபராதம் கிடையாது."

மாசினாவுக்குக் காது சரியாகத்தான் கேட்கிறதா என்று சந்தேகம் வந்தது. நேற்று அதற்குள் மணி அடித்தது வேறு.

"ஆனா ஒண்ணு. இனிமே ஜெபம் பத்து நிமிஷம். பதினோராவது நிமிஷம்னு ஒண்ணு வரவே கூடாது. மெஷின் நின்னா நீ வெளியில ஓடி வந்து கத்து. உன்னை யாரும் தடுக்க மாட்டாங்க."

இதற்கு யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா என்று அவர் முறைப்படி கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் பதினோரு பேரும் இல்லை என்றார்கள். தப்பித்தவறி மணி அடிக்காமல் போனால் என்ன செய்வது என்று ஒருவர் கவலைப்பட்டார். பக்கத்து ஊரில் சிலிண்டரைத் திருப்பிக் கேட்டால் கொடுப்பார்களா என்று இன்னொருவர் விசாரித்தார். வழுக்கைத் தலையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. சபை பத்து நிமிடத்துக்குள் கலைந்துவிட்டது.

மாசினா ஓடினாள். முப்பத்தெட்டு வயதுக்காரி, சின்னப் பெண்போலச் சேறு தெறிக்க ஓடினாள். கொட்டகைக்குள் புகுந்து பன்றியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அது பாட்டுக்கு மரவள்ளித் தோலை மென்றுகொண்டிருந்தது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஆனே படிக்கப்போகிறாள். பன்றி இருக்கிறது, குட்டிகள் இருக்கின்றன, வேலை இருக்கிறது. உலகத்தில் நல்லவர்களே இல்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்ததற்காக லெமானாவிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டாள். நெஞ்சிலிருந்து மூட்டை ஒன்று இறங்கினாற்போல இருந்தது.

வெளியே யாரோ வருகிற சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தாள். லெமானாவின் மனைவி எசேதா, மாதர் குழுத் தலைவி. மாசினா வீட்டுப் பக்கம் அந்த அம்மாள் வந்ததே கிடையாது. கையில் ஒரு கயிறு. சபை மனதை மாற்றிக்கொண்டது, பன்றியைக் கொண்டுபோக வந்துவிட்டார்கள் என்று மாசினா தன் பன்றியை மறைத்துக்கொண்டு நின்றாள். அப்புறம்தான் கயிற்றின் மறுமுனையில் ஏற்கெனவே ஒரு பன்றி இருப்பதைப் பார்த்தாள். கொழுத்து, மினுமினுவென்று, தன்னுடையதைவிட ஒன்றரை மடங்கு பெரிய பன்றி.

எசேதா அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அதைக் கொட்டகைத் தூணில் இறுக்கிக் கட்டினாள். கிட்ட வந்து மாசினாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, இது எதுக்கு? எனக்குத்தான் அபராதமே போடலியே," என்றாள் மாசினா.

"பாட்டு தீந்து, வசனம் தீந்து, சொந்தக்காரங்க பேரெல்லாம் தீந்து, அப்புறம் சொல்ல ஒண்ணுமில்லாம நேத்து இந்த ஊர்ல ஒவ்வொரு ஆம்பளையும் அவனவன் பண்ணின பாவத்தைச் சொல்ல ஆரம்பிச்சுட்டான்," என்றாள் எசேதா. "எங்க வீட்டுக்காரரு அபியாவுல ஒருத்தி இருந்தாள்னு சொல்லி, அவ பேரைச் சொல்ல வாயெடுத்தாரு, நீ மணிய அடிச்சுட்ட. இன்னிக்கு நேத்தவிட ஒரே ஒரு அஞ்சு நிமிஷம் தள்ளி அடி மாசினா, அபராதம் போட்டா இந்தப் பன்னியக் குடுத்துடு."